வீட்டு மாடியில் மின்சாரம்: வெளிச்சம், நிழல், தெருக் கம்பி

மதுரைப் பக்கம் மாடியில் சோலார் போட்டிருக்கும் வீடுகளில், இன்வெர்ட்டரோடு வரும் செல்போன் செயலியைத் திறந்து மாதவாரிக் கணக்கைப் பாருங்கள். உச்சம் பெரும்பாலும் மாசியிலோ பங்குனியிலோ இருக்கும். கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதம் அதற்குக் கீழேதான் நிற்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் மே மாதம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், “இந்த வெயிலுக்கு உங்க வீட்ல கரண்ட் கொட்டுமே” என்கிறார்கள். அவர்கள் தவறாமல் கேட்கும் இன்னொன்று: “தெருவுல கரண்ட் போனாலும் உங்களுக்குக் கவலை இல்லல்ல?” இரண்டுக்குமே நான் சொல்லும் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மாடியில் நடப்பது முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். லட்சத்துக்கு மேல் பணம் போட்டு மாட்டுகிற சாதனம் இது. விற்க வருகிறவர்கள் யூனிட் கணக்கும் மானியக் கணக்கும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பேனலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணாடிக்கு அடியில் கருநீலமாகவோ கறுப்பாகவோ கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். சிலிக்கானைக் கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாமல் சீவி எடுத்த வில்லை அது. சுத்தமான சிலிக்கான் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதில் மிகச் சிறிதளவு போரானைச் சேர்த்தால் எலக்ட்ரான் குறைவான பகுதி உண்டாகும். பாஸ்பரஸைச் சேர்த்தால் எலக்ட்ரான் மிகுந்த பகுதி உண்டாகும். ஒரே வில்லையில் இந்த இரண்டு பகுதிகளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், வெளியிலிருந்து பேட்டரி எதுவும் இணைக்காமலே, ஒரு நிரந்தர மின்புலம் உருவாகிவிடுகிறது. சோலார் செல்லின் உயிர் அந்த மெல்லிய எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

வெளிச்சம் உள்ளே விழுந்ததும், ஒளித்துகள் ஒன்று சிலிக்கான் அணுவோடு கட்டுண்டிருக்கும் எலக்ட்ரானைத் தட்டி விடுவிக்கிறது. விடுபட்ட எலக்ட்ரானை எல்லையில் இருக்கும் மின்புலம் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது; அது விட்டுப்போன காலியிடம் எதிர்ப்பக்கம் நகர்கிறது. மேலே தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் எலக்ட்ரான்களைச் சேகரித்து வெளிக் கம்பிக்கு அனுப்புகின்றன. கம்பி வழியாகச் சுற்றி வேலை செய்துவிட்டு அவை செல்லின் மறுபக்கத்துக்கு வந்து சேர்கின்றன. எதுவும் எரிவதில்லை, எதுவும் சுழல்வதில்லை, எதுவும் தீர்ந்துபோவதில்லை. அனல் மின்நிலையத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றி எடுக்கும் அதே மின்சாரம், இங்கே கண்ணாடிக்குக் கீழே சத்தமே இல்லாமல் வருகிறது. இத்தனை காலம் படித்தும் பார்த்தும் பழகிய பிறகும் இது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ஒளியால் மின்சாரம் உண்டாவதை பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கரல் 1839லேயே கவனித்துவிட்டார். உருப்படியான சிலிக்கான் செல் வர 1954 ஆனது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் செய்த அந்த செல், தன் மேல் விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று வீட்டு மாடிக்கு வரும் பேனல்கள் 21, 22 சதவீதம் தருகின்றன.

மீதி எங்கே போகிறது? எலக்ட்ரானை விடுவிக்க ஒளித்துகளிடம் குறைந்தபட்சம் 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்க வேண்டும். வெயிலில் நம் தோலைச் சுடும் அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதிக்கு அந்த அளவு ஆற்றல் கிடையாது. அவற்றால் ஒரு எலக்ட்ரானைக்கூட விடுவிக்க முடியாது. நீல ஒளிக்குத் தேவைக்கு மேலேயே ஆற்றல் உண்டு. ஆனால் மிஞ்சுவது வெறும் சூடாகிவிடும். இந்த இரண்டு இழப்புகளோடு, தவிர்க்க முடியாத மற்ற இழப்புகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒற்றை எல்லை கொண்ட செல்லால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவே முடியாது என்று ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1961ல் காட்டினார்கள்.

இப்போது மே மாதக் கேள்விக்கு வரலாம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு நஷ்டம். செல் சூடாகும்போது, எல்லையைத் தாண்டி எலக்ட்ரான்கள் திரும்பிக் கசிவது அதிகமாகிறது. அதனால் வோல்டேஜ் இறங்குகிறது. பேனல் அட்டையில் 540 வாட் என்று போட்டிருந்தால், அது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியில், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது ஆய்வகத்தில் அளந்த எண். மதுரையில் மே மாத மதியம் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செல் 65 டிகிரிக்கும் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், 25க்கு மேல் ஏறிய 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. 540 வாட் பேனல் 465 வாட் அளவில் நிற்கும். மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருக்கும். சூடும் இவ்வளவு ஏறியிருக்காது. அந்த மாதங்கள் முந்துவதற்குக் காரணம் இதுதான்.

எனவே பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்கக் கூடாது. அடியில் காற்று புகுந்து போக இடம் வேண்டும். உயரமாக ஸ்ட்ரக்சர் அடித்துக் கீழே துணி காயப்போட இடம் விட்டால் வீட்டுக்கும் வசதி, பேனலுக்கும் குளிர்ச்சி. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் தள்ளுவிசையும் கூடும். தென்காசி, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்களில் ஸ்ட்ரக்சரைத் தாங்கும் கான்கிரீட் கட்டைகளையும் போல்ட்டுகளையும் கஞ்சத்தனமாகப் போடுகிறவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

திசை பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். நம் ஊரில் தெற்குப் பார்த்து, 10 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்வு வைத்தால் போதும். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளிலும், ஆவணியில் ஒரு முறையும் உச்சிவேளைச் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கமாகவே போகும். அதனால் வட இந்தியாவில் வைப்பதுபோல் அதிகமாகச் சாய்த்தால் இங்கே நஷ்டம். சாய்வே இல்லாமல் வைத்தால் மழைத்தண்ணீர் ஓடாமல் தூசி ஓரத்தில் படிந்துவிடும்.

நிழல் விஷயத்தில்தான் நம் வீடுகள் நிறைய இழக்கின்றன. ஒரு செல் தரும் வோல்டேஜ் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு பேனலில் 41 வோல்ட் எடுக்கிறார்கள். 540 வாட் பேனல்கள் ஆறை அதேபோல் கோத்தால் 250 வோல்ட், 13 ஆம்பியர். இதுதான் 3 கிலோவாட் வீட்டு சிஸ்டம். தொடராகக் கோத்த எல்லாச் செல்லிலும் ஒரே அளவு ஆம்பியர்தான் ஓட முடியும். குறுகிய வரப்பில் வரிசையாக நடந்துபோகிறவர்களில் முன்னால் போகிற ஒருவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தாலும் அதே கதி. அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போக வழிவிடுவதற்காக, ஒவ்வொரு பேனலின் முதுகிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைத்திருப்பார்கள். நிழல் விழுந்த மூன்றில் ஒரு பங்கு விலகிக்கொள்ள, மற்றவை வேலை செய்யும். அப்படியும் ஒரு கையகல நிழல் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

மாடித் தண்ணீர் டேங்க், டிஷ் ஆன்டெனா, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டுத் தென்னை, துணிக்கொடி எல்லாமே நிழல் கொடுப்பவை. சித்திரையில் பார்க்க வருகிறவர், “நிழலே இல்லையே சார்” என்பார். அப்போது சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் அது உண்மையும்கூட. மார்கழியில் பாருங்கள். உச்சிவேளையில்கூடச் சூரியன் 57 டிகிரி உயரத்தில்தான், தெற்கே சாய்ந்து நிற்கும். 6 அடி உயர டேங்கின் நிழல் நடுமதியத்திலேயே வடக்கே 4 அடி விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். பேனல் போட யோசிப்பவர்கள் ஒரு மார்கழிக் காலையில் 9 மணிக்கும், மாலை 3 மணிக்கும் மாடிக்குப் போய்ச் சுண்ணாம்புக் கட்டியால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்த மென்பொருள் படத்தையும்விட அந்தக் கோட்டை நம்பலாம்.

மாடியிலிருந்து இறங்கும் மின்சாரம் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடுவது. வீட்டு மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் வேண்டியது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையும் ஏசி, 230 வோல்ட். நடுவில் இருக்கிறது இன்வெர்ட்டர். பவர்கட்டுக்காகக் கூடத்தில் பேட்டரியோடு வைத்திருக்கிறோமே, அந்த இன்வெர்ட்டர் வேறு. சோலார் இன்வெர்ட்டர் வேறு. இது இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, பேனல்களிடமிருந்து அதிகபட்சத்தைக் கறப்பது. வோல்டேஜை ஏற்றினால் ஆம்பியர் குறையும், ஆம்பியரை ஏற்றினால் வோல்டேஜ் விழும். இரண்டையும் பெருக்கினால் வாட். அந்தப் பெருக்கல் எங்கே உச்சமாக இருக்கும் என்பது மேகத்தோடும் சூட்டோடும் மாறிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் வோல்டேஜைத் துளி நகர்த்திப் பார்க்கும். வாட் கூடினால் அதே பக்கம் இன்னும் நகரும், குறைந்தால் திரும்பும். காலை முதல் மாலை வரை ஓயாமல் இதையே செய்கிறது.

இரண்டாவது வேலை, டிசியை ஏசி ஆக்குவது. 230 வோல்ட் என்பது ஒரு வகைச் சராசரி. அந்த அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். அதனால் மாடியிலிருந்து வரும் 250 வோல்ட்டை முதலில் அந்த உச்சிக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. அப்புறம் நான்கு மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, அதே டிசியை அலையாக வடிக்கின்றன. கம்பிச் சுருள் (காயில்) ஒன்று அந்த நறுக்கல்களை வழவழப்பாக்கிவிடும்.

இந்த அலையைத் தன் இஷ்டத்துக்கு இன்வெர்ட்டர் உருவாக்குவதில்லை. தெருக் கம்பியில் ஓடும் அலையை அளந்து, அதோடு ஏற்ற இறக்கம் பிசகாமல் சேர்ந்துகொண்டு, அதன் மேல் தன் ஆம்பியரைச் செலுத்துகிறது. தெருவில் அலை இல்லையென்றால் பின்பற்ற எதுவும் இல்லை. இரண்டு நொடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பதே விதி. ஆகவே நண்பகலில், மாடி முழுக்க வெளிச்சம் இருக்கும்போது ஈபி கரண்ட் போனால், ஆன்-கிரிட் சோலார், அதாவது தெருக் கம்பியோடு இணைத்த சோலார், வைத்திருக்கும் எங்கள் வீட்டிலும் கரண்ட் போய்விடும். பக்கத்து வீட்டு அம்மா முதல் முறை இதைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இவ்ளோ செலவு பண்ணி இதுக்குமா உதவல” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் அப்படி நினைத்ததில் நியாயம் உண்டு. 2011க்குப் பிறகு தமிழக அரசு கட்டிக்கொடுத்த பசுமை வீடுகளின் சோலார் விளக்குகளும், தெருமுனை சோலார் விளக்குகளும் பேட்டரியோடு தனித்து நிற்பவை. ஈபி இல்லாதபோதும் அவை எரிந்ததைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த விதியைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனை நினைத்துப் பாருங்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைனில் எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில் கை வைக்கிறார். அந்த நேரத்தில் ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் தெருவுக்குள் ஏறினால்? ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். மேலிருந்து வரும் 11,000 வோல்ட்டை நமக்காகக் குறைத்துத் தரும் அதே பெட்டி, கீழிருந்து ஏறுவதை 11,000 ஆக உயர்த்தி அனுப்பக்கூடியது. புயல் மழைக்கு நடுவே, நமக்குக் கரண்ட் கொடுப்பதற்காகவே ஏறியிருக்கும் ஒரு மனிதரின் உயிர் அந்த இரண்டு நொடியில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பை ஏமாற்றி இன்வெர்ட்டரை ஓடவைக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பவர்கட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். ஈபி போனதும் அது தெருவிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு, உள்ளே மட்டும் தானே அலையை உருவாக்கும். செலவு நிறையக் கூடும். அரை மணி, ஒரு மணி கட் ஆகிற ஊர் என்றால் ஏற்கெனவே கூடத்தில் இருக்கும் சாதா இன்வெர்ட்டரே ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும் என்பது என் கருத்து. நீண்ட நேரம் கட் ஆகிற கிராமத்தில், வீட்டில் ஆக்சிஜன் கருவியோ இன்சுலின் வைத்த ஃப்ரிட்ஜோ இருந்தால் ஹைப்ரிட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

பேட்டரி இல்லாத வீட்டில் மாடியில் உண்டாகும் மின்சாரம் அந்தக் கணத்திலேயே செலவாக வேண்டும். முதலில் நம் வீட்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், அதே கம்பியில் பக்கத்தில் யார் இழுக்கிறார்களோ அவர்களிடம் சேரும். எதிர்வீட்டு டிவிக்கோ தெருமுனைத் தையல் மெஷினுக்கோ போகும். இரு திசையையும் எண்ணும் மீட்டர், நாம் எடுத்ததையும் கொடுத்ததையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்தால், 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது வெகுவாகச் சரியும். அடர்ந்த மேகம் மூடிய நாளில் வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2024 முதல் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதற்கு இந்தியாவில் செய்த செல்களும் பேனல்களும் இருக்க வேண்டும்.

ஊரெல்லாம் மாடியில் பேனல் போட்டால் தெருக் கம்பி என்னாகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில், மாடி சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலையும் அலுவலகமும் மூடியிருக்க, மின்தேவை இறங்கியிருந்தது; மாடிகளில் உற்பத்தியோ வழக்கம்போல. உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இல்லாவிட்டால் அந்த 50 என்ற அலைக்கணக்கு தவறி, மொத்தக் கட்டமைப்பும் சரியக்கூடும். ஒரு தெருவின் அளவிலும் இது நடக்கும். நடுப்பகலில் பல வீடுகள் ஒரே கம்பியில் ஏற்றும்போது வோல்டேஜ் உயர்ந்து, எல்லை தாண்டியதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அதனால் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரி எல்லாவற்றையும் 10 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் ஓட்டுவது நல்லது. நமக்கும் லாபம், கம்பிக்கும் பாரம் குறையும்.

கழுவுவது பற்றி இரண்டே வார்த்தை: காலையில் பேனல் சூடாவதற்கு முன் கழுவுங்கள், போர் உப்புத்தண்ணீரை அதன் மேலேயே காயவிடாதீர்கள். அதிகம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இன்வெர்ட்டரை அணைத்தாலும், மெயினை இறக்கினாலும், வெளிச்சம் இருக்கும் வரை பேனல்களிலும் அவற்றிலிருந்து இறங்கும் கேபிளிலும் 250 வோல்ட்டுக்கு மேல் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை அணைக்க சுவிட்சே கிடையாது. ஏசி நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டுத் திரும்புவதால் அதில் எழும் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. டிசிக்கு அந்தச் சுழியம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டு எரியும். சரியாக அழுத்தாத கனெக்டர், மட்டமான கேபிள், எலி கடித்த இடம் ஆகியவைதான் தீ பிடிக்கும் இடங்கள். வருடம் ஒரு முறை ஆள் வைத்துக் கனெக்டர்களையும் எர்த்திங்கையும் சோதித்துவிடுங்கள். டேங்க் கழுவ வருகிறவர், பெயின்ட் அடிக்க வருகிறவர், கேபிள் டிவி தம்பி யாருக்கும் இது தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் மாடிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: “பேனல் வயரைத் தொடாதீர்கள். பகலில் எப்போதும் கரண்ட் இருக்கும்.” எழுத்தை நம்பி விட்டுவிடாமல், மேலே ஏறுகிறவரிடம் வாயாலும் ஒரு முறை சொல்லி அனுப்புங்கள்.